சின்னராஜ் நிமிர்ந்த இரண்டு சென்டிமீட்டர்

மாப்பிள்ளை விவரக் காகிதத்தில் சின்னராஜ் எழுதிய ஒரே பொய் உயரம்: ஐந்தடி ஐந்தங்குலம். சம்பளத்தைக்கூட உள்ளபடி எழுதியிருந்தான். அப்படியொரு உத்தமனை ஓசூர் வட்டாரத்துத் தரகர்கள் அதற்குமுன் கண்டதில்லை.

அப்போது ஜூஜுவாடியில் நாங்கள் மூன்று பேர் ஒரே ரூம். அட்டிபெலே போகிற ஒவ்வொரு லாரியும் எங்கள் ஜன்னலை ஆட்டிவிட்டுத்தான் போகும். இன்று அங்கே ஐந்து மாடி நிற்கிறது. வேப்பனப்பள்ளிக்காரனான சின்னராஜ் அசெம்பிளி லைனில் எட்டு வருஷம் குனிந்து ஸ்க்ரூ முடுக்கி, முதுகு கொக்கி மாதிரி ஆகிப்போனவன்.

போச்சம்பள்ளிக்குப் பெண் பார்க்கப் போனபோது உட்கார்ந்தே இருந்து தப்பித்தான். பிரியதர்ஷினியை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நிச்சயத்துக்கு இரண்டு மாதம்.

"அன்னைக்குப் பக்கத்துல நிக்கணுமேடா. பொய்யின்னு தெரிஞ்சு வேணாம்னுட்டா?" என்று எங்களிடம் புலம்பினான்.

மூன்றாவது ஆள் தினேஷ்குமார், குவாலிட்டி பிரிவு. குவாலிட்டிக்காரனிடம் எதைச் சொன்னாலும் முதலில் அளப்பான். சுவரில் ஸ்கேல் ஒட்டி, பக்கத்தில் கிராஃப் தாள் மாட்டினான். "நூத்தி அறுவத்திரெண்டு சென்டிமீட்டர். அஞ்சடி அஞ்சுக்கு மூணு கொறையுது. இனிமே தெனம் ஷிப்ட்டுக்குக் கெளம்பறப்ப அளக்கறோம்."

சுவரோடு குதிகாலும் பின்மண்டையும் ஒட்ட நிற்பது, குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவது எனப் பயிற்சி ஆரம்பமானது. கம்பெனி பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் சின்னராஜ் கம்பியில் தொங்கினான்.

"பொடலங்காய்க்குக் கட்டற கல்ல இவன் கால்ல கட்டுங்கப்பா!" என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும்.

முதல் வாரம் காலை ஷிப்ட். கோடு ஏறியது, பிரியாணி வாங்கினான். அடுத்த வாரம் மத்தியான ஷிப்ட். ஒரு சென்டிமீட்டர் இறங்கியது.

"டேய், சுருங்கறேன்டா!"

மூன்றாம் வாரம் ஏறியது, நான்காம் வாரம் இறங்கியது. தினேஷ்குமார் பயிற்சியை இரட்டிப்பாக்கினான். சின்னராஜுக்கு முதுகு பிடித்துக்கொண்டு கம்பெனி முதலுதவி அறைக்குப் போனபோது, அங்கிருந்த நர்சம்மா நாங்கள் கையோடு கொண்டுபோன கிராஃபைப் பார்த்துச் சிரித்தார்.

"தூங்கி எந்திரிச்சா எல்லாருமே கொஞ்சம் ஒசரம்தாம்ப்பா. நேரம் ஆக ஆக முதுகெலும்பு அமுங்கும். இருபத்தெட்டு வயசுல எலும்பு வளராது. கூன் நிமிரும், அவ்வளவுதான்."

ஒரு மாதம் காலையையும் மத்தியானத்தையும் ஒப்பிட்டு அழுதிருக்கிறோம்!

கூன் நிமிர்ந்தது. நிச்சயத்துக்கு முந்தின வாரம், காலையில், நூற்று அறுபத்து நான்கு.

"ஒரு சென்டிமீட்டர்தான் கொறையுது. பாஸ் போட்டுர்றேன், விடு" என்றான் தினேஷ்குமார்.

சின்னராஜுக்கு மனசு கேட்கவில்லை. பிரியதர்ஷினிக்குப் போன் போட்டுவிட்டான்.

"நான் அஞ்சடி அஞ்சு இல்லைங்க. கொஞ்சம் கம்மி."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "நானும் அஞ்சடி மூணு இல்லைங்க. அஞ்சடி ஆறு. மாப்ள கெடைக்காதுன்னு பத்தாவதுலேருந்தே எங்கம்மா குனிஞ்சு நிக்கச் சொல்லும்."

"முதுகு வலிக்குமே?"

"வலிக்குதுங்க."

"அப்ப நிமிந்தே நில்லுங்க."

சொல்வது சுலபம். நிச்சயத்தன்று போட்டோக்காரர் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாப்பிள்ளை காலடியில் பலகை ஒன்றைப் போட்டார். சின்னராஜ் ஏறினான். அவளோ பழக்கதோஷத்தில் தோளைச் சுருக்கத் தொடங்கியிருந்தாள். அதைப் பார்த்ததும் இறங்கி, பலகையைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"முதுகு" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவள் நிமிர்ந்தாள். அவளுடைய அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் போட்டோவில் இருவரும், ஷிப்ட் தொடங்குமுன் பாதுகாப்பு உறுதிமொழி எடுக்கிறவர்கள் மாதிரி விறைத்து நிற்கிறார்கள். இரண்டு விரற்கடை அவள்தான் உயரம். சிரிப்பு அவனுக்குத்தான் பெரிசு.