நடுக்கம் வருமுன் ஒரு மாத்திரை

அன்று பிலோமினா தன் அப்பாவுக்கான மாத்திரைகளை வாங்கிய பிறகும் கவுன்டரை விட்டு நகரவில்லை. போனை நீட்டினார். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும் வைட்டமின் ஈ போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்களும் பார்கின்சன் என்னும் நடுக்க நோயிலிருந்து மூளையைக் காக்கக்கூடும் என்று ஒரு கட்டுரை. இரண்டும் தனக்கு வேண்டும் என்றார். டாக்டர் சீட்டு இல்லை.

ஏற்காட்டில் அந்த மெடிக்கல் ஷாப்பில் நான் பார்மசிஸ்ட். அவர் கரடியூரிலிருந்து மாதாமாதம் வருபவர். அவருடைய அப்பா எஸ்டேட்டில் ரைட்டராகக் கணக்கு எழுதியவர். பார்கின்சன் வந்தபின் அவரால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. வீட்டில் மகளைத் தவிர வேறு ஆள் இல்லை.

சீட்டில்லாமல் ஹார்மோன் மாத்திரை தரக்கூடாது என்பது சட்டம். அதைப் படிக்காத பார்மசிஸ்ட் இல்லை, படித்ததை நினைவில் வைத்திருப்பவர்கள்தான் குறைவு. ஆனால் என்னைப் பயமுறுத்தியது சட்டமல்ல. பிலோமினாவுக்கு மார்பிலிருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்திருந்தார்கள். அது திரும்பாமலிருக்க, ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரையை நான்தான் கொடுத்துவந்தேன். அன்று அது வேண்டாம் என்றார்.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், ஸ்டாக் இல்லீனு சொல்லி அனுப்பீருங்க. கூட்டம் நிக்குதுங்க."

எங்கள் தொழிலில் இது மரியாதையான பொய். யாருக்கும் கோபம் வராது. பிலோமினா பஸ் ஏறிச் சேலத்துக்குப் போவார், ஒன்றும் கேட்காமல் கொடுக்கும் கடை ஒன்றைக் கண்டுபிடிப்பார். நம் கையில் கறை இருக்காது.

அவரைக் கவுன்டரின் ஓரத்துக்கு அழைத்தேன். அந்தக் கட்டி ஈஸ்ட்ரோஜனால் வளரும் வகை, நீங்கள் கேட்பது அதற்குத் தீனி என்றேன். கட்டுரையில் இருப்பது நம்பிக்கைதான், மனிதர்களிடம் நிரூபணமாகவில்லை, வைட்டமினும் அப்படியே என்றேன். கட்டுரையே கடைசிப் பத்தியில் அதைச் சொல்லியிருந்தது. கடைசிப் பத்திகளுக்கு வாசகர்கள் குறைவு.

அவர் குரலை உயர்த்தவில்லை.

"கட்டி வந்தா சீக்கிரம் முடிஞ்சிருமுங்க சார். இந்த நடுக்கம் அப்படியில்லீங்க. அப்பனுக்குச் சோறூட்ட நானிருக்கறன். எனக்கு வந்தா யாருங்க ஊட்டுவாங்க?"

அப்பாவுக்கு வந்ததாலேயே மகளுக்கும் வரும் என்றில்லை என்றேன்.

"வராதுன்னு சொல்லுங்க, போயிர்றன்."

"அதச் சொல்ல என்னால முடியாதுங்கம்மா."

முதலாளி இருமினார். வரிசையில் ஒருவர் சில்லறையைக் கண்ணாடியில் தட்டினார். பிலோமினா அப்பாவின் மாத்திரைப் பையைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு போனை அணைத்தார்.

"என்ற கட்டி மாத்திரையவும் குடுங்க."

கொடுத்தேன். இந்தப் பயத்தை அடுத்தமுறை புற்றுநோய் டாக்டரிடமும் நரம்பு டாக்டரிடமும் அப்படியே சொல்லச் சொன்னேன். தலையாட்டினார்.

புதிதாகக் கவுன்டரில் நிற்பவர்களுக்கு ஒன்று. மருந்தை மறுத்தால் காரணத்தைச் சொல்லி மறுங்கள். காரணம் தெரியாதவர் அடுத்த கடைக்குப் போவார். தெரிந்தவரும் போகலாம். ஆனால் என்ன வாங்கப் போகிறோம் என்று அறிந்து போவார்.