மே மாத ஸ்வெட்டர்

எங்கள் அலுவலக நூலகத்தின் ஏழாவது விதி இது: ஒருவர் எடுத்துப்போன புத்தகத்தை இன்னொருவர் எழுத்து மூலம் கேட்டால், முதலாமவர் அதை முப்பது நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 1985 ஏப்ரலில் நான் எழுத்து மூலம் கேட்டேன்.

கேட்டது, பேசிக் என்னும் கணினி மொழியைக் கற்றுத்தரும் தொண்ணூறு பக்கப் புத்தகம். அதை வைத்திருந்தவர் என் பிரிவுக்காரர்; டெல்லி சரோஜினி நகரில் எதிர்வீட்டுக்காரரும் கூட. பணிமூப்புப் பட்டியலில் எனக்கு இரண்டு இடம் கீழே. இருந்தும் பிரிவுக்கு வந்த ஒரே கணினியின் முன் அவரைத்தான் உட்காரவைத்தார்கள். அந்த அறைக்கு மட்டும் ஏ.சி. உண்டு. மே மாதத்தில் நாங்கள் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோப்பு புரட்ட, அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பழுப்பு ஸ்வெட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு உள்ளே போவார். அந்த ஸ்வெட்டரை வெறுத்ததுபோல் வேறெதையும் நான் வெறுத்ததில்லை.

ஜூனில் இயக்குநர் அறிவித்தார்: பிரிவின் விடுப்புப் பட்டியலைக் கணினியில் எடுத்துக் காட்டுபவருக்கு அந்த அறையில் இரண்டாவது நாற்காலி. உணவு இடைவேளையில் யாரும் பழகிப் பார்க்கலாம்.

நூலகத்திலிருந்து பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்று அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகம் விற்கும் தரியாகஞ்ச் நடைபாதைக்குப் போனேன். விதித்தொகுப்புகளோடு வாழ்ந்தவனுக்குத் தடிமன்தான் நம்பிக்கை. இருந்த கணினிப் புத்தகங்களிலேயே பெரியதை வாங்கினேன். துறைத் தேர்வுக்குப் படிப்பதுபோல், அத்தியாய எண்ணோடு ஒரு மாதம் மனப்பாடம் செய்தேன். பிறகு ஒரு மதியம் கணினியில் தட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் பிழை என்றது.

எதிர்வீட்டுக்காரர் டிபன் டப்பாவோடு பின்னால் நின்று பார்த்தார். "சார், நீங்க படிச்சது கோபோல், வேற பாஷை. இந்த மிஷினுக்கு பேசிக்தான் தெரியும். அது என்ன பண்ணும், பாவம்! சின்ன புஸ்தகம் எங்காத்துலதான் இருக்கு. சாயங்காலம் வாங்கோளேன்."

"நூலகம் வழியா வரட்டும்" என்றேன்.

"நாலடி தூரம் சார், எங்காம்."

"விதின்னு ஒண்ணு இருக்கு."

இதை வீட்டில் சொன்னது என் தவறு. மறுநாள் மனைவி அந்தப் புத்தகத்தைக் காப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். "மோர்மிளகாய் குடுக்கப் போனேன். கேட்டேன், குடுத்துட்டா. இதுக்கா இத்தனை லெட்டர்?"

திருப்பிக் கொடுத்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முதல் பக்கம் கண்ணில் பட்டது. இரண்டு வரியைத் தட்டு, என்ன வருகிறது பார், பிறகு மேலே படி என்றது. அவ்வளவுதான். என் தடிப் புத்தகத்தில் நாற்பது பக்கம் முன்னுரை.

சின்னப் புத்தகத்தைச் செய்தித்தாளுக்குள் வைத்து அலுவலகம் கொண்டுபோவேன். இடைவேளையில் பத்துப் பத்து வரியாகத் தட்டிப் பழகினேன். நூலகத்துக்கு நினைவூட்டல்களும் தவறாமல் போய்க்கொண்டிருந்தன. நிறுத்தினால், அவர் தயவில் படிக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தது போலாகிவிடுமே!

அக்டோபரில் என் விடுப்புப் பட்டியல் திரையில் வரிசையாக வந்தது. இயக்குநர், "அச்சா! யார் சொல்லிக்கொடுத்தது?" என்று இந்தியில் கேட்டார். எதிர்வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "சொந்த முயற்சி" என்றேன். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார். மறுத்திருந்தால் தேவலை.

நாற்காலி எனக்குக் கிடைத்தது. முதல் நாள் வீட்டிலிருந்தே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் வியர்த்து வழிய வந்து சேர்ந்தேன். மேஜையில் நூலகத்தின் பதில் காத்திருந்தது:

"தங்கள் ஆறு கடிதங்களின் பேரில் விசாரித்ததில், மேற்படி புத்தகம் ஜூலை முதல் தங்கள் இல்லத்திலேயே இருப்பதாக அதை எடுத்தவர் தெரிவிக்கிறார். ஏழாவது விதிப்படி உடனே திருப்பித் தரவும். நகல்: இயக்குநர்."

அன்று அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை.