நாலாம் இலக்கக் களஞ்சியம்

செபத்தில் ஆண்டவரோடு சண்டை பிடிக்கிற ஆள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்து யாரும் ஏமாறக் கூடாது. போன மாரி தொடங்கும் முன் நான் பிடித்த சண்டைதான் எல்லாவற்றிலும் பெரியது. மறுபடியும் கட்டாருக்குப் போக விசா வந்திருந்தது. போகிறேனா இல்லையா என்று ஏஜென்சிக்காரருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் போக விருப்பமே இல்லை. ஆனால் ஊரில் நிற்க வேண்டுமென்றால் வேலை வேண்டும். அந்த வேலைதான் இல்லை.

கட்டாரில் நான் கட்டடப் பராமரிப்பு வேலை செய்தவன். தண்ணீர் மோட்டர், ஜெனரேட்டர், குழாய், கூரை எல்லாம் தெரியும். சிங்களமும் அங்கேதான் படித்தேன். இலங்கையில் இருந்தவரைக்கும் வராத சிங்களம், பாலைவனத்தில் குருநாகல் பெடியன்களோடு ஒரே அறையில் கிடந்தபோது தானாக வந்தது. ஆனால் நான் அங்கே இருந்த காலத்தில் என் மகள் எனக்குத் தெரியாமலே வளர்ந்துவிட்டாள். நான் திரும்பி வந்த முதல் கிழமை, முன் அறையில் நான் கதிரையில் இருக்கும்போதே அவள் தாயின் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக் குசினிக்குள் போய் எனக்கு அழைப்பு எடுத்தாள். "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். நேரே முகத்தைப் பார்த்துக் கதைக்க அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கே இனிப் போவதில்லை என்று மனைவி றெஜினாவிடம் சொன்னேன். றெஜினா அழுதாள்.

முல்லைத்தீவில் சின்னதாக ஒரு பராமரிப்பு நிறுவனம் பதிந்தேன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக வேலை வந்தது. பிறகு அதுவும் நின்றது. அந்த நேரத்தில்தான் அந்த விளம்பரத்தைக் கண்டேன். கொக்கிளாய்ப் பக்கம் கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவில் ஒதுக்குப்புறமாக இருக்கிற ஒரு இராணுவ முகாமின் கட்டடங்களையும் தண்ணீர் வசதியையும் வருடம் முழுவதும் பராமரிக்க ஒப்பந்தக்காரர்களிடம் கேள்விப்பத்திரம், அதாவது டெண்டர், கோரியிருந்தார்கள். அங்கே கடற்காற்று இரும்பைத் தின்றுவிடும். மாரியில் பாதை அறுந்துவிடும். வெளியூர் ஆட்கள் விரும்பி வருகிற இடமில்லை. எனக்கென்றே போட்ட விளம்பரம் மாதிரி இருந்தது.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. அந்த முகாம் இருப்பது எங்கள் ஊரில்.

எங்கள் ஊர் என்றால் நாங்கள் பிறந்த ஊர். யுத்தத்துக்குப் பிறகு எங்களுக்கு அங்கே குடியேற அனுமதி கிடைக்கவில்லை. கரையிலிருந்து உள்ளே தள்ளி வீட்டுத்திட்டம் ஒன்றில் இருக்கிறோம். எங்கள் வீட்டு அத்திவாரங்களும், கிணறுகளும், அந்தோனியார் கோயிலும் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம். காணியை விடுவிக்கச் சொல்லி ஊர் கொடுத்த மனுக்களை அடுக்கினால் ஒரு அலுமாரி காணாது. ஒவ்வொரு ஞாயிறும் இங்கே நடக்கிற பூசையில் அதற்காகவே ஒரு மன்றாட்டு உண்டு. அதை வாசிப்பவர் சூசை அண்ணை. கரைவலைத் தொழில் நடத்துகிற சம்மாட்டி, ஊரின் காணிப் பிரச்சினைக்கு முன்னுக்கு நிற்பவர். பூசையில் நாங்கள் இருக்கிற நீட்டு வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருப்பவரும் அவர்தான்.

ஆக, ஒரே வாங்கிலிருந்து ஆண்டவருக்கு இரண்டு மனு போனது. முகாம் போக வேண்டும் என்று அவர் கேட்டார். முகாமைப் பராமரிக்கிற வேலை கிடைக்க வேண்டும் என்று நான் கேட்டேன்.

"என்ன கதை இது?" என்றாள் றெஜினா. "ஊர் கேக்கிறதும் நீங்கள் கேக்கிறதும் ஒண்டுக்கொண்டு எதிர். கடவுளை ஏன் சங்கடத்தில மாட்டுறியள்?"

"அப்ப நான் கட்டாருக்குப் போகவோ?"

"நான் அப்பிடிச் சொன்னனானோ?" அவள் சோற்றுப்பானையைத் தட்டி இறக்கிய விதத்திலேயே பதில் இருந்தது.

மனம் கேட்காமல் பங்குத்தந்தையிடம் போனேன். அவர் என்னைவிட வயது குறைந்தவர். மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "இரண்டையும் கேளும். எப்பிடிச் செய்யிறது எண்டு அவர் பார்ப்பார். நீர் அவருக்குப் பிளான் கீறிக் குடுக்காதேயும்." எனக்குக் கோபம்தான் வந்தது. பிளான் கீறுவது என் தொழில்.

ஊரில் விசயம் பரவிவிட்டது. சூசை அண்ணை பூசை முடிந்து வெளியில் வந்து, எல்லோருக்கும் கேட்கவே கேட்டார்.

"முகாமுக்குப் புதுத் தகரம் போடப் போறியாம். இன்னும் நிரந்தரமா இருக்கட்டும் எண்டோ?"

"அண்ணை, நான் போடாட்டி வேற ஆரும் போடுவினம்."

"போடட்டும். ஆனா அது நீயா இருக்கக் கூடாது." சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு அவர் வேறு வாங்கில் இருந்தார். மனம் உடைந்து போனேன். ஆனாலும் கேள்விப்பத்திரத்தை வாங்கினேன்.

விலை போடுகிறவர்கள் முதலில் இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. குறித்த நாளில் மழை. பாதையில் தண்ணீர் நின்றதால் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். என்னோடு இன்னும் இரண்டு பேர், தென்பகுதி நிறுவனங்களிலிருந்து வந்தவர்கள். ஒரு கப்டன் குடையோடு முன்னே நடந்து கட்டடம் கட்டடமாகக் காட்டினார். எல்லாவற்றுக்கும் இலக்கம் உண்டு. முதலாம் இலக்கம் சமையற்கட்டு. இரண்டாவது விடுதி. நான் அளந்து குறித்துக்கொண்டு போனேன். யாருடைய வீட்டு வளவுக்கு மேல் நடக்கிறேன் என்று நினைக்கக் கூடாது என்பதுதான் என் தீர்மானம். வேலைக்கு வந்தவன் வேலையைப் பார்க்க வேண்டும்.

"நாலாம் இலக்கம், களஞ்சியம்" என்றார் கப்டன். சிலுவை இல்லை. வெள்ளை இருந்த சுவரில் பச்சை. அவர்கள் உள்ளே போனார்கள். நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினேன்.

செருப்பென்றால் கழற்றியது யாருக்கும் தெரிந்திராது. அன்றைக்கென்று கட்டாரில் போட்ட தடித்த சப்பாத்து. நனைந்த கயிற்றை அவிழ்த்து, ஒன்றைக் கழற்றி, மற்றதையும் கழற்றி, சுவரோரம் சேர்த்து வைத்தேன். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. வலது கை தானாகக் கதவுக்குப் பக்கத்துச் சுவருக்குப் போனது. தீர்த்தத் தொட்டி அங்கேதான் இருந்தது. உள்ளே ஆணிகள் போட்டு வைத்திருந்தார்கள். விரலில் ஆணி குத்திய பிறகுதான் சுயநினைவு வந்தது. அதற்குள் கை நெற்றிக்குப் போய்ச் சிலுவை அடையாளமும் போட்டுவிட்டது.

திரும்பிப் பார்த்தால் மூன்று பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"ஏன் சப்பாத்தைக் கழற்றினீர்கள்?" என்று கப்டன் சிங்களத்தில் கேட்டார்.

சேறு என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது அதுவல்ல. "சேர், இது எங்கள் தேவாலயம். இங்கேதான் எனக்கு ஞானஸ்நானம் தந்தது" என்றேன். தென்பகுதியிலிருந்து வந்தவர்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். காணி கேட்கிற கூட்டத்து ஆள் என்று என்னை நானே காட்டிக்கொடுத்துவிட்டேன். இனி என்னை யார் வாசலுக்குள் விடுவார்கள்? கப்டன் சற்று நேரம் என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு "கூரையைப் பாருங்கள், ஒழுகுகிறது" என்று மட்டும் சொன்னார். பார்த்தேன். பீடம் இருந்த இடத்தில் பழைய டயர்களை அடுக்கியிருந்தார்கள். நேரே அதற்கு மேலேதான் தகரம் உக்கியிருந்தது. மழை அதன் மேல் ஊற்றிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து றெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "சப்பாத்தோட உள்ளுக்குப் போயிருந்தியள் எண்டால்தான் நான் உங்களோட கோவிச்சிருப்பன்" என்றாள். கேள்விப்பத்திரத்தை நிரப்பிக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் போட்டேன். நம்பிக்கை கொஞ்சமும் இல்லை.

இரண்டு நாள் கழித்து சூசை அண்ணை வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கோர்வை மீன். அதை றெஜினாவிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"உள்ளுக்குப் போனனியாம். சுவர் நிக்குதோ?"

"நிக்குது அண்ணை."

"பீடம்?"

"பீடம் இல்லை. அந்த இடத்தில மழை விழுது."

அவர் கடற்காற்றில் காய்ந்த மனிதர். அழுது நான் கண்டதில்லை. அன்றைக்கு அழுதார். அவருடைய மனைவியின் கடைசிப் பூசை அந்தப் பீடத்தில்தான் நடந்தது. பிறகு முகத்தைக் கட்டியிருந்த சாரத்தால் துடைத்துவிட்டுச் சொன்னார், "தம்பி, அந்த வேலை உனக்குத்தான் கிடைக்கோணும். களஞ்சியமெண்டாலும் இருக்கட்டும். உள்ளுக்க மழை விழக் கூடாது. நானும் கேக்கிறன், வா." அந்த இடத்திலேயே மூன்று பேரும் முழந்தாளிட்டோம். மீன் குசினியில் பூனைக்குப் போனது. அதை யாரும் கவனிக்கவில்லை.

இப்படிச் செபித்தால் உடனே கிடைக்கும் என்றுதானே நினைப்போம்? அடுத்து வந்தது ஒரு அறிவித்தல். கேள்விப்பத்திரங்கள் அனைத்தும் இரத்து. காரணம் சொல்லவில்லை.

என்னால்தான் என்று நினைத்தேன். என் வெறுங்காலால்தான் எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். ஏஜென்சிக்கு அழைப்பு எடுத்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தாங்கி கழுவுகிற வேலை இருந்தது. வெறுந்தாங்கிக்குள் இறங்கி நின்று ஆண்டவரைத் திட்டினேன். நான் கத்தியதெல்லாம் அந்தச் சீமெந்துச் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. என் குரலைக் கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது. கத்தி முடிந்தபின் மெல்லக் கேட்டேன். "நான் போறன், பரவாயில்லை. அந்தக் கூரையை மட்டும் பாரும். மழை உள்ளுக்க விழக் கூடாது. ஆரைக் கொண்டு செய்விக்கிறீரோ, அது உம்மட விருப்பம்." என் வாழ்நாளில் பிளான் கீறாமல் கேட்ட முதல் செபம் அது. அழுதுகொண்டே கழுவி முடித்தேன். மனம் லேசாக இருந்தது.

அடுத்த கிழமை ஒரு அழைப்பு வந்தது. கப்டனின் குரல். புதிதாக விளம்பரம் வருகிறது, பாருங்கள் என்றார். பட்டியலில் நாலாம் இலக்கம் இல்லை, அதைச் சேர்த்து விலை போட்டு விடாதீர்கள் என்றார்.

"ஏன் சேர், இடிக்கப் போகிறீர்களா?" என்றேன்.

"இல்லை. அந்தப் பக்கம் வேலியை உள்ளுக்கு எடுக்கிறோம். தேவாலயத்தையும் அதைச் சுற்றிய காணியையும் உங்கள் ஆட்களிடம் கொடுக்கப் போகிறார்கள். அதனால்தான் பழைய பட்டியல் இரத்தானது."

போனைக் காதில் வைத்தபடியே சூசை அண்ணை வீட்டுக்கு ஓடினேன்.

நான் சப்பாத்தைக் கழற்றியதால்தான் கோயில் கிடைத்தது என்று சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வெயிலில் நின்று மனுக் கொடுத்த சனத்தின் கண்ணீர் அது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நாங்கள் எதிரும் புதிருமாகக் கேட்ட இரண்டையும் ஆண்டவர் ஒரே கையால் தந்தார். புதிய கேள்விப்பத்திரத்துக்கு விலை போட்டேன். என் விலைதான் ஆகக் குறைந்தது. ஒப்பந்தம் எனக்குக் கிடைத்தது. ஏஜென்சிக்காரர் திட்டினார், சந்தோசமாக வாங்கிக்கொண்டேன். மழை விட்டதும் கோயில் கூரைக்கு ஏறினோம். அது ஒப்பந்த வேலையல்ல, ஊர் வேலை. சூசை அண்ணை கீழே நின்று தகரம் எடுத்துத் தந்தார். கோணலாக வைக்கிறேன் என்று குறையும் சொன்னார். முதல் பூசையின்போது மறுபடி மழை வந்தது. எல்லோரும் ஒருமுறை மேலே பார்த்தார்கள். ஒரு துளி விழவில்லை. ஆண்டவருக்குத் தோத்திரம்.

முகாம் இன்னும் இருக்கிறது. வீட்டுக் காணிகள் இன்னும் அந்தப் பக்கம்தான். முகாமில் வேலை செய்கிறேன் என்று என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர்கள் இரண்டு வீட்டில் இருக்கிறார்கள். அவர்களில் எனக்குக் கோபம் இல்லை. மிச்சக் காணியும் விடுபட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நானும் உரத்துக் கேட்கிறேன். அது கேட்கப்படுகிற நாளில் என் ஒப்பந்தம் முடியும். தெரிந்துதான் கேட்கிறேன். மகளோடு நிற்க வழி காட்டியவர் அதற்குப் பிறகும் காட்டுவார். மறுபடி கட்டாருக்குப் போக வேண்டி வருமோ என்கிற பயம் என்னை விட்டுப் போய்விட்டது.

சகோதரங்களே, கேட்க வெட்கமாக இருக்கிறது, அடுத்தவனின் செபத்துக்கு எதிராக இருக்கிறது என்று எதையும் மனதுக்குள் பூட்டி வைக்காதீர்கள். கொண்டுபோய் அவர் முன்னால் வையுங்கள். சண்டை பிடிக்க வேண்டுமென்றாலும் அவரோடேயே பிடியுங்கள். முடிந்தால் இந்த அந்தோனியார் திருநாளுக்கு எங்கள் ஊருக்கு வாருங்கள். பாதை மோசம், மெல்ல வாருங்கள். சோதனைச் சாவடியில் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம், இலக்கமும் சொல்ல வேண்டாம். கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லுங்கள். காவலுக்கு நிற்கிற பெடியனே கையை நீட்டி வழி காட்டுவான்.