கரண்டு போன பிறகு கிட்டார் வாங்கியவர்

ஸ்டீபன்சன் ஸார் இறந்துவிட்டார் என்று அலுவலகத்திலிருந்து ஷீலா போன் செய்தபோது, "அதெப்படி? இந்த ஓணத்துக்குக் கண்டிப்பா வரேன்னு சொன்னாரே!" என்று கத்திவிட்டேன். சாவுச் செய்தி கேட்டால் இப்படியா பதில் சொல்வார்கள் என்று ஷீலா நினைத்திருப்பாள். ஆனால் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு என் ஆத்திரம் புரியும். வருகிறேன் என்பார், வரமாட்டார். பார்க்கலாம் என்பார், அவர் பார்த்து முடிப்பதற்குள் நமக்கு உயிர் போய்விடும். கடைசியில் அவர் உயிர் போய்விட்டது.

அலுவலக மனமகிழ் மன்றத்தின் மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர்மேல் எனக்குள்ள எரிச்சலை மறைத்துக்கொண்டு எழுதினால், அது வேறு யாருக்கோ எழுதிய அஞ்சலி ஆகிவிடும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஸார் பாறசாலைக்காரர், எங்கள் பில் பிரிவில் எனக்கு எதிர் மேஜை. ஊர்ச் சபையில் ஞாயிறுதோறும் பேஸ் கிட்டார் வாசிப்பார். அலுவலக இசைக்குழுவில் சேரச் சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சியும் அசையவில்லை. "ஞாயித்துக்கிழமை கர்த்தருக்கு, மத்த நாளு பில்லுக்கு. எனக்கு அம்புட்டுதான் நேரம்" என்பார். மேலே பேச இடம் கொடுக்க மாட்டார்.

குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தவரைக் கோழிக்கோட்டுக்கு மாற்றியபோதுதான் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. பேஸ் கிட்டார் என்றால் நான்கு தடித்த கம்பிகள், கனத்த கீழ்க்குரல். பாட்டில் அதை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. ஆனால் வாசித்தவர் போன பிறகு நடந்த ஒத்திகையைக் கேட்டபோது, வீட்டில் யாரோ ஒரு ஆள் குறைந்ததுபோல் இருந்தது. அந்த இடத்தில் நான் நிற்க வேண்டும் என்று தோன்றியது. படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் மற்றவர்கள் பார்த்துச் செய்து வைத்தவை. நானாக ஆசைப்பட்டது இது ஒன்றுதான். சிறு வயதில் வீணை கற்றிருந்ததால் விரலில் கொஞ்சம் தைரியமும் இருந்தது. கரமனையில் எங்கள் வீட்டில் சிரித்தார்கள். "வீணையை உறை போட்டு மூடி வெச்சுட்டு, இதென்னடி கூத்து?" என்றார் என் கணவர்.

மன்றச் செயலாளர் ஒரு நிபந்தனை போட்டார். ஓணத்துக்கு முன்னால் சொந்தக் கிட்டாரோடு வந்தால் இடம் எனக்கு. இல்லாவிட்டால் சூப்பரிண்டெண்டின் அக்கா மகன் தயாராக இருக்கிறான். இரண்டு மாதம் இருந்தது. என் கைக்கு அடங்கின விலையில் ஒரு கிட்டார் பார்த்துத் தருமாறு ஸ்டீபன்சன் ஸாரைக் கேட்டேன். இந்த உலகத்தில் வேறு ஆளே கிடைக்காததுபோல் அவரைக் கேட்டேன்!

அது மழை பொய்த்த வருஷம். அணையில் தண்ணீர் இல்லாமல் தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் லோட்ஷெட்டிங். ஸார் என்னைப் பழவங்காடி வாத்தியக் கடைக்கு அந்த அரைமணி நேரத்தில்தான் கூட்டிப்போவார். கடைக்காரர் எமர்ஜென்ஸி விளக்கோடு தவிப்பார். "ஸாரே, கரண்டு வந்நிட்டு வா, ப்ளக் செய்து கேள்க்காம்" என்று, கரண்டு வந்த பிறகு வரச் சொல்லிக் கும்பிடுவார். ஸார் காதிலேயே வாங்க மாட்டார். கிட்டாரைத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து வழியாகப் பார்ப்பார். பிறகு அதன் தலையைக் கடையின் மர அலமாரியில் முட்டுக்கொடுத்து, கம்பியை ஒவ்வொரு கட்டமாக அழுத்தித் தட்டி, சத்தத்தைக் கூட்டித் தரும் அந்த அலமாரிப் பலகையில் காதை வைத்துக் கேட்பார்.

"கரண்டு இருந்தா ஆம்ப் பெட்டிதான் பேசும் மேடம். கிட்டாரு பேசாது. ஃபேன்கூட நிக்கணும். அப்பந்தான் அதுக்க கொரல் கேக்கும்" என்பார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் நாள் நான் ஒரு சிவப்புக் கிட்டாரைப் பார்த்து மயங்கிப்போனேன். விலையும் கட்டுப்படியானது. தட்டிப் பார்த்தார்.

"வேண்டாம். செரியாவாது."

"ஏன் ஸார்? நன்னாத்தானே இருக்கு?"

அதற்குள் விளக்குகள் எரிந்தன. "கரண்டு வந்தாச்சி. போவோம்" என்று படி இறங்கிவிட்டார்.

இப்படியே போயிற்று. நீலம் வேண்டாம். கறுப்பு வேண்டாம். வளைகுடாவிலிருந்து வந்தவர் ஒருவர் விற்ற, பார்த்தாலே கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும் கிட்டார், அதுவும் வேண்டாம். காரணம் கேட்டால் கரண்டு வந்துவிடும். தனியாகப் போய் சிவப்பையே வாங்கிவிடலாமா என்று ஒருநாள் பஸ் ஏறியும்விட்டேன். ஒன்றும் தெரியாமல் பண்டிகை அட்வான்ஸைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டால் வீட்டில் என்ன சொல்வது என்று பயந்து பாதியில் இறங்கித் திரும்பினேன். அன்று பஸ் ஸ்டாப்பில் நின்று அவரைத் திட்டியது கொஞ்சநஞ்சமல்ல.

ஓணம் வந்தது. கிட்டார் வரவில்லை. மேடையில் அந்தப் பையன் வாசித்தான், சுமாராக. நான் தங்கக் கரை போட்ட கசவுப் புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். பக்கத்தில் ஸார் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோப்பையைப் பிடுங்கி எறியலாம்போல் இருந்தது.

அதன்பிறகு அவரோடு நான் பேசவில்லை. எதிர் மேஜைக்கே ஃபைலைக்கூடப் பியூன் வழியாகத்தான் அனுப்பினேன். அவர் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. ஒருநாள் மதியம், "மேடம், இன்னைக்கி ஒரு புது உருப்படி வந்திருக்காம். ஏழு மணிக்குக் கரண்டு போவும். வாறேளா?" என்றார். எனக்குப் பொங்கிவிட்டது.

"ஓணம் முடிஞ்சாச்சு ஸார்! இனிமே எனக்கெதுக்கு? நான் மேடை ஏறக்கூடாதுன்னுதானே இத்தனையும் பண்ணினேள்?"

பிரிவே திரும்பிப் பார்த்தது. ஸார் பேனாவை மூடி வைத்தார். "கழுத்து வளைஞ்ச கிட்டாருல கம்பி தூக்கி நிக்கும், சுருதி சேராது. புதுசா படிக்கிறவங்களுக்கு அது தெரியாது. எனக்க வெரலுதான் தப்பு, எனக்கு வராதுன்னு நெனச்சு விட்டிருவாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்க வீட்டுக்காரி அப்படித்தான் விட்டா. கலியாணம் ஆன புதுசுல நாந்தான் வாங்கிக் குடுத்தேன், பளபளன்னு ஒண்ணு. அவ விட்டு ரொம்ப வருசம் கழிச்சுத்தான் கழுத்தப் பாத்தேன்."

இந்த ஒரு வார்த்தையை இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லியிருந்தால் என்ன? வாயில் என்ன கொழுக்கட்டையா? அதையும் கேட்டேன். "சொன்னா அவ கதையும் சொல்லணும், அவளுக்குக் கொறச்சிலு" என்றார். ஏழு மணிக்குப் போனேன்.

உள்நாட்டில் செய்தது, பழுப்பு நிறம், பழைய பீரோவுக்குப் பிறந்ததுபோல் ஒரு கிட்டார். நான் பார்த்தவற்றிலேயே அழகில்லாததும் அதுதான், விலை குறைந்ததும் அதுதான். ஸார் நீண்ட நேரம் தட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். வீணையில் படித்த சரளி வரிசையை அதில் தேடித் தேடி வாசித்தேன். அவர் அலமாரியில் காதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். "இது ஒங்கள ஏமாத்தாது. வீட்டுலயும் அலமாரில சாச்சு வாசிங்க. ஆம்பு பின்னால பாத்துக்கிடலாம்" என்றார். விளக்கு வந்தது. அன்றுதான் விளக்கு வந்த பிறகும் அவர் கடையில் நின்றார்.

அடுத்த ஓணத்துக்குள் அவரைப் பாலக்காட்டுக்கு மாற்றிவிட்டார்கள். சொந்தக் கிட்டாரோடு போய் நின்றதும் செயலாளர் எனக்கு இடம் கொடுத்தார். நான் மேடை ஏறினேன், மன்றத்தின் ஆம்போடு. வருகிறேன் என்று சொன்னவர் வரவில்லை. "பஸ்ஸு கெடைக்கல்ல" என்றார் போனில். அதற்கடுத்த வருஷம் சபையில் விசேஷம். பிறகு முட்டுவலி. ஒவ்வொரு ஓணத்துக்கும் முன்வரிசையில் ஒரு நாற்காலி பிடித்து வைத்து, ஒவ்வொரு ஓணத்துக்கும் அதில் வேறு யாரையாவது உட்காரச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அவர் என் வாசிப்பைக் கேட்டது கரண்டு இல்லாத அந்த ஒரு சாயங்காலம் மட்டும்தான்.

அடக்கத்துக்குப் பாறசாலை போயிருந்தேன். அவர் மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "கிட்டாருக்க கழுத்து இப்பமும் நேராத்தான இருக்கு?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பழுப்புக் கிட்டாரும், எனக்கு வராது என்று எதையும் சட்டென்று விட்டுவிடாத குணமும்தான். கைநழுவிப்போன அந்த முதல் ஓணத்தின் கோபமும் கூடவே இருக்கிறது. அதை நான் விடப்போவதில்லை.

இப்போதெல்லாம் லோட்ஷெட்டிங் கிடையாது. அடக்கம் முடிந்து வந்த அன்று சாயங்காலம் நானே போய் மெயின் ஸ்விட்சை அணைத்தேன். ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் அடங்கியது. கிட்டாரின் தலையை அலமாரியில் சாய்த்து, முதன்முதலாக மேடையில் வாசித்த பாட்டுகளை ஒன்று விடாமல் வாசித்தேன். பாதியில் உள்ளேயிருந்து என் கணவர், "என்னடி, கரண்டு போயிடுத்தா?" என்று சத்தம் போட்டார்.

"ஆமா, போயிடுத்து. செத்த சும்மா இருங்கோ. ஸார் கேட்டுண்டிருக்கார்" என்றேன்.