செவ்வந்தி அக்கா அனுப்பிய நாலு துண்டு

என் அக்கா செவ்வந்திக்கு இருபத்து நாலு வயது. அப்பா கான்கிரீட் போடுகிறார். அக்கா கருணாபுரத்து வீட்டில் பழைய லேப்டாப்பில் புரோகிராம் எழுதுகிறாள். கோபம் வந்தால் திட்ட மாட்டாள், நகத்தைக் கடிப்பாள். பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்ட என்னைக்கூட அவள் திட்டியதில்லை. எனக்கு அது வசதி.

அன்று மதியத்துக்குள் பத்து நகமும் போய்விட்டன. கல்வராயன் மலையில் ஒரு மாட்டு மருந்தகம். அங்கே கோமாரி ஊசி மருந்து இருக்கும் ஃபிரிட்ஜை ஓட்டி நிறுத்துவது அக்காவின் புரோகிராம். ரெண்டு டிகிரியில் நிற்க வேண்டியது நிற்காமல் குளிர்ந்துகொண்டே போனது. உறைந்தால் மருந்து குப்பைதான். மறுநாள் முகாம், முந்நூறு மாடுகள்.

அங்கே வேலை பார்க்கும் வெற்றிவேல் அண்ணன் காலையிலிருந்து பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்குக் கடைசி பஸ்ஸு மேடம். நான் போய்ட்டா யாரு புடுங்குவா?" என்றார். அதோடு மலையில் சிக்னல் போய்ப் பேச்சு அறுந்தது. இனி எஸ்எம்எஸ்தான்.

மூன்று மணிக்கு அக்கா தப்பைக் கண்டுபிடித்தாள். புரோகிராம் கோப்பை முழுதாக அனுப்பினால், அங்கிருக்கும் கோப்பின் கடைசியில் அண்ணன் சேர்த்த போன் நம்பரெல்லாம் அழிந்துவிடும். மாற்றத்தை மட்டும் அனுப்ப வேண்டும், அண்ணன் அதை மருந்தகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். அதில் ரெண்டு வகை. சின்னதில் 'இத்தனையாவது வரியில் இதை வை' என்று மட்டும் இருக்கும், ஒரே மெசேஜ். பெரியதில் பழைய வரி, புது வரி, மேலும் கீழும் மூன்று வரி எல்லாம் இருக்கும். வரி இடம் மாறியிருந்தாலும் அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துவிடும். ஆனால் நாலு துண்டாகப் போகும். ஒன்று வராவிட்டாலும் வேலைக்காகாது.

"சின்னதே போதும். மேல எதையும் அவரு தொடலியே," என்றாள் அக்கா.

போன மாதம் அவளோடு மலைக்குப் போனபோது, அண்ணன் டீ குடிக்கப் போன நேரத்தில், கோப்பின் தலையிலேயே 'வெற்றிவேலைப் பார்த்தால் மாட்டுக்கே காய்ச்சல் வரும்' என்று எழுதி வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாதபடிதான் எழுதினேன். ஆனால் எல்லா வரியும் கீழே இறங்கியிருக்குமே! மாற்றம் தப்பான வரியில் போய் உட்காரும்.

"அக்கா, அனுப்பாத!"

"இன்னாடி?"

சொன்னேன்.

"எத்தினி வரிடி எழுதுன?"

"ரெண்டு... மூணாகூட இருக்கும்."

"அறிவு கெட்டவளே!" வாழ்நாளில் முதல் திட்டு. பெரியதை அனுப்பினாள்.

மூன்று ஐம்பதுக்குப் பதில் வந்தது: 'மூணு வந்துச்சி. நாலாவது எங்க?' மறுபடி அனுப்பினாள். மறுபடி. நாலு அடித்தது. நாலேகாலும் ஆனது. அக்கா போனைக் கையிலிருந்து இறக்கவேயில்லை.

நாலரைக்கு வந்தது: 'ஏறிடுச்சி மேடம். ரெண்டுல நின்னுச்சி. நிக்குதான்னு பாத்துக்கினே இருந்தேன், பஸ்ஸு போயிடுச்சி.'

'ராத்திரி எங்க தங்குவீங்க?' என்று கேட்டாள் அக்கா.

'மருந்து கூடவேதான்.'

அக்கா லேப்டாப்பின் மேலேயே தலையைச் சாய்த்தாள். நான் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.