பூச்சி மருந்து

"பூனைக்குப் பூச்சி மருந்து குடுத்து எத்தனை மாசம் ஆச்சு?" என்று மகளிடம் கேட்டார் கால்நடை மருத்துவர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் பூனையைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

எனக்கு எட்டு வயதானபோது சாயல்குடிப் பக்கம் இருந்தோம். எங்களுக்கு மிளகாய்க் கொல்லை. நான் வளர்த்த செவலைப் பூனைக்கு வயிறு ஊதி, வாலடியில் வெள்ளரி விதை மாதிரி புழு ஒட்டிக் கிடந்தது. அப்பாவை நாங்கள் அய்யா என்போம்; அவரிடம் ஓடினேன்.

"அய்யா, செவலைக்கு வயித்துல பூச்சி. மருந்து வேணும்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பூச்சி மருந்துதான? அங்கன கொட்டாயில டப்பா இருக்கு, எடுத்துக் குடு."

எங்கள் ஊரில் வயிற்றுப் புழுவும் பூச்சிதான், செடியை அரிப்பதும் பூச்சிதான். மாரியூர்ச் சாளை மீனைப் பிசைந்து, டப்பாவிலிருந்த பொடியைக் கலந்து ஊட்டினேன். செவலை என் விரலையும் நக்கியது. பொழுது சாய்வதற்குள் விறைத்துவிட்டது.

"கொல்லைக்குப் போடுறதையா புள்ள குடுத்த?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நானா குடுக்கச் சொன்னேன்? அவளா எடுத்துக் குடுத்திருக்கா" என்றார் அய்யா, வெற்றிலையைக் கிள்ளியபடி.

கருவாட்டைத் தின்றதென்று முந்தின வாரம்தான் அவர் செவலையை விறகுக் கட்டையால் அடித்திருந்தார். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கல்யாணமாகிப் போகும்வரை ஊருக்கு நான் பூனையைக் கொன்றவள்.

"அம்மா, பூனை வாயைப் பிரிச்சுப் புடிங்க" என்றாள் மகள், மருந்துக் குப்பியைத் திறந்தபடி.

"நீயே புடி" என்று வெளியே வந்துவிட்டேன். அய்யா சாகக் கிடந்தபோது அந்தப் பூனையைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "எந்தப் பூனை?" என்றார்.