தோல் எரிந்த பிறகும்

அம்சவல்லிக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. உட்கார்ந்திருந்தாலும் கட்டைவிரல் மண்ணைக் கிளறும். பென்னலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். "பேய் புடிச்ச காலு" என்பான் புருஷன் நடேசன். வீட்டுக்குள் இருந்தால் அவளுக்கு மூச்சு முட்டும்.

விதைக்கடலை உடைக்கும் கொட்டகையில் மட்டும் அந்த அலைச்சல் வாய்க்கு ஏறிவிடும். பருப்பின் தோல் கிழியாமல் கையாலேயே உடைக்க வேண்டும். கதை இல்லாவிட்டால் கண் சொருகும். அவள் சொல்லச் சொல்ல மற்ற பெண்கள் "ம்" கொட்டுவார்கள். "ம்" நின்றால் கதையும் நின்றுவிட வேண்டும். "ம்" கொட்டிய கதையை மாற்றவும் கூடாது. அது வழக்கம்.

அறுபத்துநாலாம் வருஷத்து உடைப்பில் அவள் எடுத்தது ஒரு ராஜகுமாரி கதை. பிடிக்காத ராஜாவுக்குக் கட்டிவைக்கப் பார்த்ததும், மந்திரத் தோலைப் போர்த்திப் புலியாகிக் காட்டுக்குப் போய்விட்டவள். நாள்கணக்கில் அந்தப் புலி திரிந்தது. சொல்கிறவளும் கூடவே திரிந்தாள்.

ஒருநாள் கொட்டகை மேஸ்திரி கோதண்டம் வந்து நின்றார்.

"இன்னா கதம்மா இது? எங்க வூட்ல சரோஜா, சோறு போடுன்னா உறுமுறா."

கடலைக் குவியலுக்குப் பின்னால் அவர் பெண்சாதி சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னிக்கே அந்தத் தோல ராஜா கொளுத்தணும். அவ ராஜா கால்ல வுழணும். இல்லாங்காட்டி நாளையிலர்ந்து நீ வூட்லயே குந்திக்கினு இரு."

வீட்டிலேயா? அம்சவல்லியின் கட்டைவிரல் நின்றுபோனது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அவ தூங்கறப்ப ராஜா தோலத் திருடிக்கினு கோட்டைக்கு வந்தான். அவளும் பின்னாலயே வந்தா."

யாரும் "ம்" கொட்டவில்லை. ஓடு நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. சரோஜா வாயை இறுக்கி மூடியிருந்தாள்.

"கேக்க ஆளில்லண்ணா. கத நின்னுபூட்ச்சி."

"நான் கீறேன், சொல்லு. ம்."

"தோல நெருப்புல போட்டான்."

"ம்."

"தோலு சாம்பலாச்சு."

"ம்," என்றார் திருப்தியாக.

"அப்பவும் அவ புலியாவே நின்னா."

பழக்கத்தில் அவர் வாயிலிருந்து அதற்கும் ஒரு "ம்" விழுந்துவிட்டது. சரோஜாதான் முதலில் சிரித்தாள்.

"மேஸ்திரியே ம் கொட்டிட்டாரு. இனிமே மாத்தக்கூடாது, அம்சு. சொல்லு."

"அவ ராஜாவத் திரும்பிக்கூடப் பாக்கல. கோட்டச் சொவரத் தாண்டுனா."

"ம்" என்றது கொட்டகை முழுக்க.

கோதண்டம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். போகவில்லை. கதவோரம் சாய்ந்து, "அப்பால?" என்றார்.

அம்சவல்லியின் கட்டைவிரல் மறுபடி மண்ணைக் கிளறத் தொடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் புலி எங்கே போகும் என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை.